கீவிலிருந்து மூன்று பேர்: எந்த வாசல் வழியாக, எந்த நாட்டுக்கு?

போலந்தின் கிராக்கோவில் என்னோடு வேலை பார்க்கும் உக்ரேனியத் தோழி ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் லேப்டாப்பைத் திறந்து என் பக்கம் திருப்பினாள். எக்செல் தாள் ஒன்று. இடது ஓரத்தில் மூன்று பேர்: கீவில் இருக்கும் அவள் அக்கா, அக்காவின் 11 வயது மகன், 68 வயது அம்மா. மேலே போலந்து, மால்டோவா, ருமேனியா, துருக்கி என்று நான்கு நாடுகள். "ஜூன் மாதம் மூன்று வாரமாவது எல்லாரும் ஒன்றாக இருக்கணும். எங்கே சந்திக்கிறது, எப்படி வருவது, நீயே பார்த்துச் சொல்லு. எனக்குத் தலை சுற்றுகிறது" என்றாள்.

இப்படிக் கேட்கப்படும் தமிழன் நான் மட்டும் இல்லை. ஐரோப்பாவில் உக்ரேனியரோடு வேலை செய்கிறவர்கள், படிக்கிறவர்கள், அவர்கள் குடும்பத்தில் சம்பந்தம் செய்துகொண்டவர்கள் நிறைய இருக்கிறோம். விசா, விண்ணப்பம், அப்பாயின்ட்மென்ட் என்று நாம் பட்ட பாட்டை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். அதனால் நமக்கு எல்லாம் தெரியும் என்று நம்பி வருகிறார்கள். 2022இல் கார்கிவிலும் வின்னிட்சாவிலும் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நம் ஊர்ப் பிள்ளைகள் தப்பி வெளியே வந்ததும் கீழே சொல்லப் போகும் இதே எல்லைகள் வழியாகத்தான். அதனால் தோழிக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைனின் வான்வெளி பயணிகள் விமானங்களுக்கு மூடிக்கிடக்கிறது. கீவின் போரிஸ்பில் விமான நிலையத்தில் ஏறி நேராகத் துருக்கியின் அந்தால்யா கடற்கரையில் இறங்கிய காலம் போய்விட்டது. எங்கே போவதானாலும் ரயிலோ பஸ்ஸோ காரோ பிடித்து, தரைவழியாக அண்டை நாடு ஒன்றுக்குள் நுழைந்தாக வேண்டும். எனவே ஒவ்வொரு பயணத்துக்கும் இரண்டு நாட்டு விதிகளைப் பார்க்க வேண்டும்: கடந்து போகிற நாடு ஒன்று, போய்ச் சேர்கிற நாடு இன்னொன்று. தோழியின் தாளில் இரண்டாவது மட்டும்தான் இருந்தது. ஒவ்வொரு நாட்டுக்கும் மலிவான விமானச் சீட்டு எது என்று தேடித் தேடி நிரப்பி வைத்திருந்தாள். நான் அந்த வரிசையை அப்படியே மறைத்துவிட்டு, "எல்லையை எங்கே கடக்கிறார்கள் என்பதை முதலில் முடிவு பண்ணுவோம், டிக்கெட்டை அப்புறம் பார்க்கலாம்" என்றேன்.

யார் கிளம்ப முடியும்?

அக்காவின் கணவர் பெயர் தாளில் இல்லை. அவருக்கு 41 வயது. போர்க்காலச் சட்டப்படி 18 முதல் 60 வயது வரை உள்ள ஆண்கள் நாட்டை விட்டு வெளியேற முடியாது. மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட மைனர் பிள்ளைகளின் தகப்பன், மாற்றுத்திறனாளி என்று சில விலக்குகள் உண்டு. 2025 ஆகஸ்ட் 28 முதல் 18இலிருந்து 22 வயது வரையுள்ள இளைஞர்களும் போகலாம் என்று ஆனது. ஆனால் ராணுவப் பதிவு ஆவணம் கையில் இருக்க வேண்டும். 41 வயதுக்காரருக்கு இதில் எதுவும் பொருந்தாது. மனைவியையும் மகனையும் மாமியாரையும் ரயிலேற்றிவிட்டு அவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார். வீட்டில் ஒரு பூனை இருக்கிறது, அதுவும் அவரோடுதான். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பூனையைக் கொண்டுவர மைக்ரோசிப், வெறிநாய்க்கடித் தடுப்பூசி, ஊசி போட்டு 30 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகு மூன்று மாதக் காத்திருப்பு. ஜூன் மாதத்துக்குள் அது நடக்காது.

பையன் விஷயத்தில் விதி கொஞ்சம் இளகியிருக்கிறது. போருக்கு முன்னால் தாய் மட்டும் பிள்ளையை அழைத்துப் போனால், தகப்பன் சம்மதம் தெரிவித்து நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட்ட தாள் வேண்டும். போர்க்காலத்தில் 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தாயோ தகப்பனோ பாட்டி தாத்தாவோ அந்தத் தாள் இல்லாமலே உக்ரைனிலிருந்து வெளியே அழைத்துப் போகலாம். உறவைக் காட்டும் ஆவணம் போதும். ஆனாலும் நோட்டரித் தாளை வாங்கி வைக்கச் சொன்னேன். அந்தத் தளர்வு உக்ரைன் பக்கத்துக்கு உரியது. வேறொரு நாட்டு விமான நிலையத்தில் நிற்கும் அதிகாரிக்கு அது தெரிந்திருக்க வேண்டும் என்று இல்லை. தகப்பன் பக்கத்திலேயே இருக்கும்போது ஒரு கையெழுத்து வாங்குவது பெரிய வேலையும் இல்லை.

இன்னொன்று. அக்காவுக்குக் கடைசி நேரத்தில் லீவு கிடைக்காமல் போனால், பாட்டி மட்டும் பேரனோடு கிளம்ப வேண்டியிருக்கும். பாட்டியின் குடும்பப் பெயர் வேறு, பேரனின் குடும்பப் பெயர் வேறு. இவர் அவனுக்குப் பாட்டிதான் என்று தாளில் எப்படிக் காட்டுவது? பையனின் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர், தாயின் பிறப்புச் சான்றிதழில் பாட்டியின் பெயர், நடுவில் பெயர் மாறியதற்குத் தாயின் திருமணச் சான்றிதழ். மூன்றையும் ஒன்றாகக் கோர்த்து ஒரு கவரில் போட்டு வைக்க வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணி விட்டுப்போனாலும் எல்லையில் விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க நேரும்.

பாஸ்போர்ட்டுக்கு வருவோம். பயோமெட்ரிக் பாஸ்போர்ட் வைத்திருக்கும் உக்ரேனியர்கள் 2017 ஜூன் 11 முதல் விசா இல்லாமல் ஷெங்கன் நாடுகளுக்கு, அதாவது தங்களுக்குள் எல்லைச் சோதனை வைத்துக்கொள்ளாத போலந்து போன்ற ஐரோப்பிய நாடுகளுக்கு, போகலாம். அக்காவிடம் இருக்கிறது, அம்மாவிடம் இருக்கிறது, பையனிடமும் இருக்கிறது. தோழி மூன்றுக்கும் நேரே டிக் அடித்திருந்தாள். "பையனோடது எப்போ முடியுது?" என்று கேட்டேன். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தாள். 2022 ஆகஸ்டில் வாங்கியது. பெரியவர்களுக்குப் பத்து வருடம் செல்லும் பாஸ்போர்ட், 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளுக்கு நான்கே வருடம். ஆக 2026 ஆகஸ்டில் முடிகிறது. ஜூன் 21இல் திரும்புவதாக இருந்தால், ஷெங்கன் விதிப்படி அதற்கு அப்புறமும் மூன்று மாதம், அதாவது செப்டம்பர் 21 வரை, பாஸ்போர்ட் உயிரோடு இருக்க வேண்டும். இருக்காது. துருக்கிக்குப் போவதானாலும் தங்கும் காலத்துக்கு மேல் 60 நாள் வேண்டும் என்பது அங்கே பொது விதி.

தோழியின் முகம் வெளுத்துவிட்டது. நேரம் இருந்ததால் பிழைத்தோம். உக்ரைனில் புதுப் பாஸ்போர்ட்டுக்குச் சாதாரணமாக 20 வேலை நாள், அவசரக் கட்டணம் கட்டினால் 7 வேலை நாள். அன்று சாயங்காலமே அக்காவைக் கூப்பிட்டு விண்ணப்பிக்கச் சொன்னோம். புதுப் பாஸ்போர்ட் கைக்கு வரும் வரை அவன் பெயரில் எந்த டிக்கெட்டும் போடக் கூடாது என்றும் சொன்னேன். சிரிலிக் எழுத்தை லத்தீனுக்கு மாற்றும்போது எழுத்துக்கூட்டல் பழைய பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி, புதியதில் வேறு மாதிரி வந்துவிடுவது உண்டு. இனிஷியலையும் அப்பா பெயரையும் வைத்துக்கொண்டு விமான நிலையங்களில் தவித்த நமக்கு இந்தக் கஷ்டத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

உக்ரைன் அரசின் தியா என்ற கைபேசிச் செயலியில் பாஸ்போர்ட் இருக்கிறதே என்று சிலர் நினைப்பார்கள். உள்நாட்டில் அது நன்றாகவே செல்லும். அயல்நாட்டு எல்லையில் அதை நம்பிக் கிளம்ப வேண்டாம், புத்தகம் கையில் இருக்க வேண்டும். துருக்கி 2017 ஜூன் முதல் உக்ரேனியரின் அடையாள அட்டையையே ஏற்றுக்கொள்கிறது என்பதும் உண்மை. அந்த வசதி நேரடி விமானம் இருந்த காலத்தில் பெரிய விஷயம். இன்றைக்கு ருமேனியா வழியாகப் போகிறவர் ருமேனிய எல்லையில் பாஸ்போர்ட்டை நீட்டியே ஆக வேண்டும்.

90 நாள் கணக்கு

அக்காவும் பையனும் அம்மாவும் 2025 டிசம்பர் 20ஆம் தேதி கிராக்கோவுக்கு வந்து, 2026 ஜனவரி 28ஆம் தேதி திரும்பியிருந்தார்கள். மொத்தம் 40 நாள். எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாளுக்கு மேல் ஷெங்கனுக்குள் இருக்கக் கூடாது. தோழி 90இல் 40ஐக் கழித்து 50 என்று எழுதி, மூன்று வாரத்துக்குப் பிறகு மிச்சம் 29 என்று கணக்கை முடித்திருந்தாள். அம்மா இன்னும் கொஞ்ச நாள் கூட இருந்தால் மாட்டிக்கொள்வாரோ என்ற பயம் வேறு.

இது அப்படிக் கழிக்கிற கணக்கு இல்லை. ஒவ்வொரு நாளும் அன்றைய தேதியிலிருந்து பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். ஜூன் 1ஆம் தேதி நின்று பின்னால் எண்ணினால் டிசம்பர் 4 வரை போகும். பழைய 40 நாளும் அதற்குள் அகப்படும். ஜூன் 17 அன்று எண்ணினால் டிசம்பர் 20 வரை, அப்போதும் 40. ஜூன் 18 அன்று டிசம்பர் 20 கழன்று விழும். மறுநாள் டிசம்பர் 21 விழும். அதாவது ஜூன் நடுவிலிருந்து தினம் ஒரு பழைய நாள் உதிர, தினம் ஒரு புது நாள் சேர்கிறது. அம்மா ஜூன் 1ஆம் தேதி வந்து தொடர்ந்து தங்கினாலும் 50ஆவது நாளில், ஜூலை 20 அன்று, கணக்கில் இருப்பது 57 நாள்தான். அவருக்கு அவசரமே இல்லை. சமையலறைச் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைக் கழற்றி மேசையில் விரித்து, பழைய நாளை ஒவ்வொன்றாகப் பென்சிலால் அடித்துக் காட்டிய பிறகுதான் தோழிக்கு நம்பிக்கை வந்தது.

இந்தக் கணக்கில் பழைய பழக்கத்தை நம்பி ஏமாறுகிறவர்கள் இருக்கிறார்கள். ருமேனியாவும் பல்கேரியாவும் ஷெங்கனுக்கு வெளியே இருந்த காலத்தில், அங்கே கழிக்கும் நாள் தனிக் கணக்கு. போலந்தில் 90 நாள் முடிந்ததும் பல்கேரியாவின் வார்னா கடற்கரைக்குப் போய்விடலாம். 2024 மார்ச் 31இல் இரு நாடுகளும் வான், கடல் எல்லைகளுக்கு மட்டும் ஷெங்கனில் சேர்ந்தன. 2025 ஜனவரி 1 முதல் தரை எல்லைக்கும் சேர்ந்துவிட்டன. இப்போது ருமேனியாவின் கான்ஸ்டன்ட்சாவில் கடலில் குளித்த நாளும் கிராக்கோவில் தங்கிய நாளும் ஒரே கணக்கில்தான் ஏறும். மால்டோவா, துருக்கி, ஜார்ஜியா இன்னும் வெளியே. முதல் இரண்டிலும் விசா இல்லாமல் 180க்கு 90 நாள். ஜார்ஜியாவில் அதைவிட நீண்ட காலம் இருக்கலாம்.

முன்பெல்லாம் முத்திரை மங்கலாக விழுந்தால் அதிகாரி கண்ணைச் சுருக்கிப் பார்த்து விட்டுவிடுவார். 2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியம் எல்லைப் பதிவைக் கணினிமயமாக்கத் தொடங்கியது. 2026 ஏப்ரல் 10க்குள் எல்லா வாசல்களிலும் என்பது திட்டம். விரல் ரேகை, முகப்படம் இரண்டும் எடுப்பார்கள். 12 வயதுக்குக் கீழே ரேகை கிடையாது, எனவே பையனுக்குப் படம் மட்டும். ஒரு நாள் கூடிப்போனாலும் இயந்திரம் காட்டிவிடும். 2026 கடைசியில் ஈட்டியாஸ் என்ற முன் அனுமதியும் வர இருக்கிறது. 20 யூரோ கட்டி இணையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழும் 70க்கு மேலும் இலவசம். ஜூன் பயணத்துக்கு அது தேவைப்படாது.

வாசல்கள்

கீவிலிருந்து போலந்துக்கு ரயிலில் வருகிறவர்களுக்கு இரண்டு முக்கிய வழி. ஒன்று போலந்தின் எல்லையோர ஊரான பிஷெமிஷ்ல், இன்னொன்று நேரடி வார்சா ரயில்.

பிஷெமிஷ்ல் எனக்கு நன்றாகத் தெரிந்த இடம். உக்ரைனின் தண்டவாளம் 1520 மில்லிமீட்டர் அகலம், போலந்தில் 1435. அகலப் பாதை பிஷெமிஷ்ல் நிலையம் வரை நீண்டிருப்பதால், கீவின் வேக ரயில் சுமார் பத்து மணி நேரத்தில் அங்கே கொண்டுவந்து விடுகிறது. உக்ரைன் பக்கத்துச் சோதனை ரயிலுக்குள்ளேயே முடிந்துவிடும். போலந்துச் சோதனைக்குத்தான் எல்லாரும் இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு, ஓரத்து நடைமேடைக் கட்டடத்துக்குள் வரிசையில் நிற்க வேண்டும். முதலில் பாஸ்போர்ட், அப்புறம் சுங்க மேசை. கூட்டம் அதிகமான நாளில் மணிக்கணக்காகும். பயணிகள் வெளியே வரும் கதவுக்கு எதிரே நான் நிற்பேன். கதவு திறக்கும்போதெல்லாம் இரண்டு மூன்று பேர் வருவார்கள்: தள்ளுவண்டியில் குழந்தை, கூண்டுக்குள் பூனை, ஒரு கையில் பெட்டியும் மறு கையில் ஊன்றுகோலுமாக ஒரு பாட்டி. வெளியே வந்ததும் நிறையப் பேர் ஒரு நிமிடம் அப்படியே நிற்பார்கள், போக வேண்டிய திசை தெரிந்தாலும்கூட.

டிசம்பரில் தோழியின் அம்மா அந்தக் கதவு வழியாக வந்தபோது கண் கலங்கியிருந்தார். வெள்ளைத் துணியில் சுற்றி மகளுக்கென்று கொண்டுவந்த சாலோவைச் சுங்க மேசையில் கொடுத்துவிட்டு வந்திருந்தார். உப்பிட்டுப் பதப்படுத்திய பன்றிக் கொழுப்பு அது. நம் வீட்டில் ஊறுகாய் கட்டிக் கொடுப்பதுபோல அங்கே எந்தத் தாயும் சாலோ இல்லாமல் கிளம்ப மாட்டாள். வெளிநாட்டிலிருந்து பயணிகள் இறைச்சியும் பால் பொருளும் கொண்டுவரக் கூடாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. கால்நடை நோய் பரவாமல் இருக்க வைத்தது, அதில் தவறு சொல்ல ஒன்றுமில்லை. யாராவது அவருக்கு முன்னமே சொல்லியிருக்க வேண்டும். சொல்லாமல் விட்டது எங்கள் பிழை. தேன் இரண்டு கிலோ வரை கொண்டுவரலாம்.

பிஷெமிஷ்லின் பெரிய பலம், அங்கிருந்து எல்லாப் பக்கமும் வண்டி உண்டு என்பது. கிராக்கோவுக்கு ரயிலில் மூன்று மணி நேரம். ஷெஷோவ் விமான நிலையமும் பக்கம்தான். ஒரு ரயில் தவறினால் அடுத்தது வரும். கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால் போவதும் நமக்குச் சாதகம். திரும்பிப் போகும்போது அதே ஒரு மணி நேரம் காலை வாரிவிடும். உக்ரைன் ரயிலுக்கான வரிசையில் முன்கூட்டியே போய் நிற்க வேண்டும்.

வார்சா ரயில் வேறு மாதிரி. அது ராத்திரி வண்டி, படுக்கை அறைகள். எல்லையில் பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிச் சக்கரத் தொகுதியையே மாற்றுவார்கள், நாம் உள்ளேயே படுத்திருக்கலாம். அதிகாரிகள் அறைக்கே வந்து பாஸ்போர்ட் பார்ப்பார்கள். பிஷெமிஷ்ல் வழியைவிட நேரம் அதிகம்தான். ஆனால் முழங்கால் வலி உள்ள 68 வயதுப் பெண்மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கும் வேலையே இல்லை என்பதை எத்தனை மணி நேரத்துக்கு ஈடாகச் சொல்வது? மூன்று படுக்கை கொண்ட அறை கிடைத்தால் மூன்று பேருக்கும் ஒரே கதவு. வார்சாவிலிருந்து கிராக்கோவுக்கு இரண்டரை மணி நேரம். குறை ஒன்றுதான்: டிக்கெட். பயணத்துக்குச் சுமார் மூன்று வாரம் முன்பு விற்பனைக்கு வந்ததும் காணாமல் போய்விடும். கிடைக்காவிட்டால் கோவெல் வழியாகப் போலந்தின் ஹெல்ம் வரை வரும் ரயில்களையும் பார்க்கலாம். அதுவும் அகலப் பாதைதான், அங்கிருந்து வார்சாவுக்கு வண்டி மாற வேண்டும்.

கிஷினாவ் வழிக்கு வருவோம். கீவிலிருந்து மால்டோவாத் தலைநகருக்கு ஒரு ராத்திரி ரயில். மால்டோவா ஷெங்கனில் இல்லை, எனவே 90 நாள் கணக்கு தொடப்படாது. கடிகாரமும் மாறாது. அங்கிருந்து இஸ்தான்புல்லுக்கு விமானம். ஒடேசாக்காரர்களுக்கு இதை அடித்துக்கொள்ள வேறு வழியே இல்லை: சாலையில் சுமார் 180 கிலோமீட்டர். மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் டிரான்ஸ்னிஸ்டிரியா பகுதி வழியாகப் போகும் பழைய நேர்ச்சாலையை உக்ரைன் 2022லேயே மூடிவிட்டது; இப்போது பலாங்கா வாசல்தான். ஒடேசாவில் இருக்கும் யாராவது என்னிடம் கேட்டால் யோசிக்காமல் கிஷினாவ் என்பேன். கீவிலிருந்து வருகிற குடும்பத்துக்கு அப்படிச் சொல்ல மாட்டேன். ராத்திரி முழுக்க ரயில், காலையில் ஊருக்குள் வந்து விமான நிலையம், மறுபடி வரிசை, மறுபடி பாஸ்போர்ட். ரயில் நான்கு மணி நேரம் தாமதமானால் விமானச் சீட்டு வீண். தண்டவாளத்தின் மீதும் மின்நிலையத்தின் மீதும் குண்டு விழுகிற நாட்டிலிருந்து கிளம்பும்போது தாமதம் என்பது விதிவிலக்கு இல்லை. அதே நாளில் விமானம் பிடிக்கும் திட்டத்தை யார் போட்டாலும் நான் தடுப்பேன். நடுவில் ஒரு ராத்திரி ஓட்டல் எடுத்தே ஆக வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தால் மலிவு விமானம் மலிவாக இருக்காது.

செர்னிவ்ட்சி பக்கத்திலிருந்து வருகிறவர்களுக்கு போருப்னே, சிரெட் எல்லையைத் தாண்டினால் ருமேனியாவின் சுசாவா விமான நிலையம் பக்கம். ஊஜ்ஹொரோத்காரர்களுக்கு ஸ்லோவாக்கியாவின் கோஷிட்சே, அல்லது சோப் வழியாக புடாபெஸ்ட். கீவிலிருந்து இவை எல்லாம் சுற்று.

பஸ் பற்றி ஒரு வார்த்தை. எந்தச் சின்ன ஊரிலிருந்தும் பஸ் உண்டு, கட்டணம் குறைவு, வண்டி மாற வேண்டியதில்லை. மின்னணு வரிசை வந்த பிறகு காத்திருப்பு ஓரளவு சீராகியிருக்கிறது. ஆனாலும் தோழியின் அம்மா 2023 டிசம்பரில் வந்த பஸ் ஓர் எல்லையில் ஒன்பது மணி நேரம் நின்றது. வெளியே பனி, உள்ளே கழிப்பறை பூட்டியிருந்தது. அந்த ராத்திரியைப் பற்றி அவர் இன்றுவரை முழுதாகச் சொன்னதில்லை. வயதானவர்களும் சின்னப் பிள்ளைகளும் இருந்தால், ரயில் டிக்கெட் கிடைக்கும் தேதிக்குப் பயணத்தையே தள்ளிப் போடலாம் என்பேன்.

கடலா, கிராக்கோவா?

எக்செல் தாளில் துருக்கிக்கு நேரே தோழி நட்சத்திரம் போட்டிருந்தாள். பையன் கடல் பார்த்து நான்கு வருடமாகிறது. அந்தக் காரணத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எதிரே எடை போட்டுப் பார்த்தேன்: இரண்டு எல்லை, ஒரு ஓட்டல் இரவு, ஒரு விமானம், திரும்பும்போது அதே மூன்றும் தலைகீழாக. மூன்று வாரத்தில் நான்கு நாள் வழியிலேயே போய்விடும். போதாததற்கு தோழிக்கு இரண்டு வாரம்தான் லீவு. கிராக்கோவுக்கு வந்தால் அவள் லீவு முடிந்த பிறகும் சாயங்காலம் வீட்டில் இருப்பாள். 2026 ஜனவரி 1 முதல் உக்ரைன் சிம் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கூடுதல் ரோமிங் கட்டணம் இல்லாமல் வேலை செய்கிறது; பையன் தினமும் அப்பாவோடு பேசலாம். துருக்கியில் அந்த வசதி கிடையாது. கடல்தான் வேண்டுமென்றால் போலந்திலேயே பால்டிக் இருக்கிறது. கிராக்கோவிலிருந்து ரயிலில் க்டான்ஸ்க் போய்விடலாம். தண்ணீர் ஜூனிலும் சில்லென்று இருக்கும், ஆனால் எந்த எல்லையும் இல்லை.

பேச்சுவாக்கில் தோழி இன்னொன்றைக் கேட்டாள்: வந்ததுதான் வந்தார்கள், தற்காலிகப் பாதுகாப்புக்குப் பதிந்துவிட்டால் என்ன? போரால் உக்ரைனை விட்டு வந்தவர்களுக்காக 2022 மார்ச் 4இல் ஐரோப்பிய ஒன்றியம் கொண்டுவந்த ஏற்பாடு அது, 2027 மார்ச் 4 வரை நீட்டப்பட்டிருக்கிறது. வேலை, படிப்பு, மருத்துவம் எல்லாம் உண்டு, 90 நாள் கட்டுப்பாடு அந்த நாட்டில் இல்லை. ஆனால் அது வந்து தங்குகிறவர்களுக்கு உரியது. போலந்தில் பதிந்துவிட்டு 30 நாளுக்கு மேல் வெளியே போனால் அந்த நிலையே பறிபோய்விடும். ஒரே சமயத்தில் ஒரு நாட்டில்தான் பதிய முடியும். மூன்று வாரம் கழித்து கணவரிடம் திரும்பப் போகிற அக்கா இப்போது பதிந்தால், நாளைக்கு உண்மையிலேயே தேவைப்படும் வேளையில் பழைய பதிவும் அது ரத்தான கதையும் கோப்பில் வந்து நிற்கும். விருந்தாளியாக வருகிறவர் விருந்தாளியாகவே வரட்டும் என்றேன். அந்தப் பேச்சு நடந்த ராத்திரி அவள் ரொம்ப நேரம் பால்கனியில் நின்றுகொண்டிருந்தாள். அக்கா அங்கேயே இருக்க வேண்டும் என்பது அக்காவின் முடிவு. அதில் நானோ அவளோ சொல்ல ஒன்றும் இல்லை.

பிரிட்டன், கனடா, அமெரிக்கா மூன்றையும் நாங்கள் தாளில் ஏற்றவே இல்லை. பிரிட்டனுக்கு விசா வேண்டும். குடும்ப உறவின் பேரில் அழைக்கும் திட்டம் 2024 பிப்ரவரியில் மூடப்பட்டது, வீடு கொடுத்து அழைக்கும் திட்டத்துக்கு ஸ்பான்சர் தேவை. கனடாவின் போர்க்கால விசா விண்ணப்பம் 2023 ஜூலை 15உடன் முடிந்தது. அமெரிக்காவின் திட்டம் 2025 ஜனவரியில் நிறுத்தப்பட்டது. மூன்று வாரச் சந்திப்புக்கு இதில் எதுவும் உதவாது. அயர்லாந்துக்கு மட்டும் விசா வேண்டாம், அது ஷெங்கனும் இல்லை; அங்கே யாராவது இருந்தால் வார்சாவிலிருந்து விமானத்தில் போகலாம்.

ஆக, முடிவு இப்படி வந்தது. வார்சா ராத்திரி ரயிலில் மூன்று படுக்கை அறைக்கு முதல் முயற்சி. டிக்கெட் விற்பனைக்கு வரும் காலையில் தோழி இங்கிருந்தும் அக்கா அங்கிருந்தும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து முயல்வார்கள். அது அமையவில்லை என்றால் பிஷெமிஷ்ல். அப்போது நான் கதவுக்கு எதிரே நிற்பேன், பெட்டியை வாங்கிக்கொள்ள இரண்டு கை கூடுதலாக இருக்கும். பையனின் புதுப் பாஸ்போர்ட் வந்துவிட்டதாக போட்டோ வந்திருக்கிறது, பெயரில் எழுத்து எதுவும் மாறவில்லை. நோட்டரித் தாளும் மூன்று சான்றிதழும் ஒரே கவரில். அம்மாவின் ரத்த அழுத்த மாத்திரை, டாக்டர் சீட்டோடு, கைப்பையில். சாலோ வேண்டாம் என்று இந்த முறை நானே போனில் சொன்னேன். என் அரைகுறை உக்ரேனிய மொழியை அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தேன் எத்தனை கிலோ என்றாய் என்று திரும்பக் கேட்டார்.